கஞ்சியாகிப் போன விதைநெல்

விண்ணரசியைப் பொல்லாதவள் என்று மேலப்பொய்கையில் ஒருவரும் சொன்னதில்லை. ரோஷக்காரி என்பார்கள். வாக்குக் கொடுத்துவிட்டால் தலையை அடகு வைத்தாவது காப்பாற்றிவிடுவாள் என்பார்கள். கேட்பதற்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. அந்தப் பெருமை ஒரு சம்பாப் பட்டத்தில் அவள் குடும்பத்தை என்ன பாடு படுத்தியது என்பது கூட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மகள் அருள்செல்வி கைக்குழந்தையாக இருந்தபோது கக்குவான் இருமல் வந்தது. இருமி இருமிப் பிள்ளை நீலம் பாரித்துப் போயிற்று. வைத்தியம் பார்த்தவர் கையை விரித்துவிட்டார். விண்ணரசி ஊர் மாதா கோயில் படியில் போய் விழுந்தாள். "ஆரோக்கிய மாதாவே, எம் புள்ளய எனக்குக் குடுத்துடு. வேளாங்கண்ணிக்கு நடந்து போற ஒஞ் சனத்துக்கு வருஷா வருஷம் கஞ்சி ஊத்துறேன்" என்று அழுதாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினாளா? "எங்க வயல்ல வெளஞ்ச நெல்லுலதான் ஊத்துவேன்" என்று ஒரு வார்த்தையைக் கூடச் சேர்த்தாள். மாதா கேட்கவே இல்லை. இவளாகத்தான் கொடுத்தாள்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. அதிலிருந்து ஆவணி பிறந்து, தஞ்சாவூர்ப் பக்கமிருந்து காவி உடுத்திய சனம் 'மரியே வாழ்க' என்று பாடிக்கொண்டு நாகப்பட்டினம் ரோட்டில் நடக்கத் தொடங்கினால், மேலப்பொய்கைப் புளியமரத்தடியில் விண்ணரசியின் கஞ்சி அண்டா இருக்கும். பக்கத்தில் எலுமிச்சை ஊறுகாய்ச் சட்டியோடு அருள்செல்வி உட்கார்ந்திருப்பாள். ஒரு வருஷம்கூட அது தவறியதில்லை.

நெல் விளைந்த அந்த வயல் ஆறு மா; ஏக்கர் கணக்கில் சொன்னால் இரண்டு. வெட்டாற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலின் கடைசியில் இருந்தது. நிலம் மிராசுதார் பஞ்சநதத்துக்குச் சொந்தம். விண்ணரசியின் மாமனார் காலத்திலிருந்து அவர்களுக்குக் குத்தகை. எழுத்தும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. அறுத்ததும் களத்தில் அளந்து போட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். பிறகு ஆட்சி மாறியது. குத்தகைக்காரர்கள் தங்கள் பெயரைச் சர்க்காரில் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தது. விவசாயச் சங்கத்துக் காயாரோகணம் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், "பேரப் பதிஞ்சுக்குங்கய்யா, இல்லாட்டி நாளைக்கு நீ யாருன்னு கேப்பாங்க" என்று தொண்டை வறளக் கத்தினார். விண்ணரசியின் புருஷன் பெரியநாயகசாமி, ஊர் வாயில் வெறும் சாமி, போய் மனுக் கொடுத்தான்.

பஞ்சநதத்துக்கு வந்ததே கோபம்! "எங்கப்பாவும் இவங்கப்பாவும் ஒரே களத்துல ஒக்காந்து சுருட்டுப் புடிச்சவங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஆபீஸ்ல போய் எழுதிக் குடுக்குறானா?" என்று குதித்தார். அந்த வருத்தத்தில் கொஞ்சம் நியாயம்கூட இருந்தது. ஆனால் மனுஷன் வருத்தத்தோடு நின்றாரா? தாசில்தார் முன்னால், "குத்தகையாவது ஒண்ணாவது! இவன் எம் பண்ணையில கூலியாளு" என்று சாதித்துவிட்டார். தையில் கதிர் முற்றியதும் போலீஸ் லாரியோடு வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கி அறுத்துக்கொண்டு போய்விட்டார். உள்ளூர் ஆட்கள் கூலி உயர்வு கேட்டு அரிவாளைக் கீழே போட்டிருந்த சமயம் அது. சாமிக்காகத் தடுக்க ஒரு கை இல்லை.

விதைக்கென்று வயலில் ஒரு மூலையை ஒதுக்கி, அதை முதலில் அறுத்துக் கோட்டை கட்டிவிட்டுத்தான் மற்ற இடத்தில் அரிவாள் வைப்பது சாமியின் வழக்கம். அதனால் அந்த மூலை மட்டும் தப்பியது. நெல்லை உள்ளே வைத்து, வைக்கோல் பிரியைக் கயிறு போலச் சுற்றிச் சுற்றி இறுக்கி, மேலே சாணம் மெழுகிய ஒரே ஒரு விதைக்கோட்டை. அந்த வருஷத்து வெள்ளாமையில் வீடு வந்து சேர்ந்தது அதுதான்.

பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. மாடு போயிற்று. விண்ணரசியின் காதுத்தோடு போயிற்று. எஸ்.எஸ்.எல்.சி. எழுத வேண்டிய அருள்செல்வி படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்தாள். வழக்கு முடியும்வரை பஞ்சநதம், சாமி இரண்டு பேருமே வயலில் இறங்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டதால் ஆறு மாவும் கோரை மண்டிக் கிடந்தது. கூத்தாநல்லூரில் அப்போது மலேயா, சிங்கப்பூர் சம்பாத்தியத்தில் மாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. சாமி அங்கே செங்கல் சுமக்கப் போனான். சனிக்கிழமை பொழுது சாய வீட்டுக்கு வந்தால், முகம் கழுவுவதற்கு முன்னால் கோட்டையிடம் போய் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவான்.

"பத்திரமா இருக்குல்ல?"

"இருக்கு. எங்க போயிடப் போவுது?"

அவனுக்கு அந்த ஒரு தட்டில் வாரம் முழுக்கச் சுமந்த வலி போய்விடும். விண்ணரசியோ அந்தச் சத்தம் கேட்டால் அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். விதைக்க நிலம் இல்லாத வீட்டில் விதைநெல் எதற்கு? பிள்ளை செத்த வீட்டில் தூளியை அவிழ்க்காமல் வைத்திருக்கிற மாதிரி அவளுக்குப் பட்டது. இதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஆவணி வந்தது. ரோட்டில் முதல் கூட்டத்தின் பாட்டுக் கேட்டது. வீட்டில் ரேஷன் அரிசி இருந்தது. "மாதா அரிசியப் பாக்குறவ இல்லம்மா, மனசப் பாக்குறவ. எந்த அரிசியா இருந்தா என்ன?" என்று கோயில் சாமியார்கூடச் சொல்லிப் பார்த்தார். கேட்கிற காதா அது! எங்கள் வயல் நெல் என்று சொன்னேனே, சொல்லிவிட்டுத்தானே பிள்ளையை வாங்கினேன் என்று அந்த ஒரே நினைப்பு அவளைப் போட்டு அரித்தது. அந்த மாதம் சாமி ஊருக்கு வரவில்லை. கூத்தாநல்லூர் வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்குள் மாடி முடிய வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்துவிட்டார்கள்.

ஒரு காலையில் விண்ணரசி கோட்டையை முற்றத்துக்கு உருட்டிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?" என்றாள் அருள்செல்வி.

"அவரு வந்தா நான் சொல்லிக்குறேன். நீ ஒலக்கய எடு."

"விதைநெல்லும்மா…"

"எந்த நெலத்துக்குடி விதை? காட்டு, நான் போயி வெதச்சுட்டு வர்றேன்!"

அருள்செல்வி உலக்கையை எடுத்து வந்தாள். பிரியை அவிழ்த்தபோது உள்ளேயிருந்து வந்த வாசனை விண்ணரசியை ஒரு நிமிஷம் தடுத்தது. தை மாதத்து வெயில் அப்படியே அதற்குள் இருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நெல்லை உரலில் கொட்டினாள். அம்மாவும் மகளும் மாறி மாறிக் குத்தினார்கள்.

அன்று புளியமரத்தடியில் கஞ்சி மணத்தது. கால் வெடித்து, தோளில் துண்டோடு வந்த பெரியவர் ஒருவர் இரண்டாவது தரம் வாங்கிக் குடித்துவிட்டு, "மாதா ஒங் குடிய வாழ வைப்பாம்மா" என்று தலையில் கை வைத்தார். பல மாதங்களுக்குப் பிறகு விண்ணரசி அன்றைக்குத்தான் சந்தோஷமாக இருந்தாள். பாவம், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் அவிழ்த்த கோட்டை மிச்சத்தோடு நிற்குமா? நேர்த்திக்கடனுக்குப் போனது பாதி. மீதி, ரேஷன் அரிசி தீர்ந்த நாட்களில் பானைக்குப் போயிற்று. மாதா பேரைச் சொல்லிப் பாதி, வயிற்றின் பேரைச் சொல்லாமல் பாதி. புரட்டாசி பிறக்கும்போது வீட்டு மூலையில் வெறும் பிரி சுருண்டு கிடந்தது.

புரட்டாசி முதல் வாரத்தில் ஒரு மத்தியானம், தெருமுனையிலேயே சாமியின் குரல் கேட்டது. அவன் சத்தம் போட்டுப் பேசுகிறவனே அல்ல.

"ஏய் விண்ணு! ஆர்டர் ஆயிடுச்சுடி! நம்ம பக்கம் ஆயிடுச்சு!"

பின்னாலேயே காயாரோகணம் வேர்த்து விறுவிறுத்து வந்தார். தாசில்தார் உத்தரவு வந்த செய்தியை அவர்தான் கூத்தாநல்லூருக்கே போய்ச் சொல்லி, சாரத்திலிருந்து இறக்கிக் கையோடு கூட்டி வந்திருந்தார். சாமியின் தலையில் இன்னும் சுண்ணாம்பு இருந்தது. "பெரியநாயகசாமிதான் குத்தகைக்காரன், அவன் எறங்கலாம், யாரும் தடுக்கக் கூடாதுன்னு போட்டுட்டாங்கம்மா" என்றார் காயாரோகணம்.

"இன்னிக்கே ஊறப் போட்டுடணும். மத்தவன்லாம் நாத்து வுட்டு நாளாவுது. ஆனாலும் புடிச்சுடலாம்" என்று சொல்லிக்கொண்டே சாமி மூலைக்குப் போனான். தட்டுவதற்குக் கையை நீட்டினான். கை அப்படியே நின்றது.

குனிந்து பிரியைத் தூக்கிப் பார்த்தான். திரும்பி விண்ணரசியைப் பார்த்தான்.

"மாதாவுக்குக் கஞ்சி காய்ச்சிட்டேங்க" என்றாள்.

சாமி சுவரில் சாய்ந்து மெதுவாக உட்கார்ந்தான். காயாரோகணம் என்ன செய்வது என்று தெரியாமல் செருப்பைத் தேடினார். பிரியை மடியில் வைத்துக்கொண்டு சாமி கேட்டான்.

"கஞ்சி நல்லா இருந்துச்சா?"

அவள் குனிந்து, தரையில் சிந்தியிருந்த வைக்கோலைப் பொறுக்கினாள்.

"சனம் வயிறு நெறையக் குடிச்சுதா?"

தலையை ஆட்டினாள்.

"சரி" என்றான். அவ்வளவுதான். இரண்டு அறை அறைந்திருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். அன்றைக்கு அந்தப் பேச்சை முடித்தவன் பிறகு எடுக்கவே இல்லை. அவளோடு வேறு பேச்சும் அநேகமாக இல்லாமல் போயிற்று.

போவதற்கு முன்னால் காயாரோகணம் விண்ணரசியை வாசலுக்குக் கூப்பிட்டு விஷயத்தை உடைத்துச் சொன்னார். பஞ்சநதம் சும்மா இருக்கப் போவதில்லை, அப்பீல் போடுவார். கார்த்திகையில் கர்ணம் வயல் வயலாக வந்து, எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று அடங்கல் எழுதுவார். "அன்னிக்கு அந்த வயல்ல சாமி வச்ச பயிரு நிக்கணும்மா. தரிசாக் கெடந்துச்சுன்னு வையி, அவனே வுட்டுட்டுப் போயிட்டான்னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க. இத்தனை நாள் பட்டதெல்லாம் வாய்க்கால்ல போன தண்ணி." கூட்டுறவுச் சொசைட்டியில் விதை கேட்டுப் பார்த்தார்கள். அங்கே தலைவர் பஞ்சநதத்தின் மச்சினர். குத்தகை சர்ட்டிபிகேட்டைக் கொண்டா என்றார். அது அப்பீல் முடிந்தால்தான் கிடைக்கும். இந்த அலைச்சலில் நாள் ஓடிவிட்டது; அப்படியே விதை கிடைத்தாலும் நாற்று விட்டு வளர்க்க நேரம் இல்லை. இனி ஆறு மாவும் பிழைக்க வேண்டுமென்றால் வளர்ந்த நாற்று வேண்டும்.

மேலப்பொய்கையில் நாற்றை யாரும் விற்க மாட்டார்கள். நட்டு முடிந்து மிச்சமாகிற நாற்றுக் கட்டுகளை, அதாவது முடிகளை, வரப்பில் போட்டுவிட்டுப் போவார்கள். குறைவு பட்டவர் எடுத்துக்கொள்வார். ஆனால் அக்கம்பக்கத்து வயலெல்லாம் பஞ்சநதத்தின் பண்ணை. ஆர்டர் ஆன மறுநாளே அவர் பண்ணையை மேற்பார்க்கும் தம் காரியக்காரரிடம் சொல்லிவிட்டார்: "மிச்ச முடி ஒண்ணுகூட வெளியில போவக் கூடாது. சேத்துல போட்டு மிதிச்சுடு."

விண்ணரசி யோசித்து யோசித்துக் கடைசியில் ஜெயாவின் வீட்டு வாசலில் போய் நின்றாள். பண்ணை நடவெல்லாம் ஜெயாவின் கோஷ்டிதான். விண்ணரசியின் ஆறு மாவையும் வருஷா வருஷம் அவர்கள்தான் நட்டார்கள். விண்ணரசி வரப்பில் நின்று வேலை வாங்குவாள்.

"வாங்கக்கா. எங்க தெருவுக்கு வழி தெரிஞ்சுதா?" என்றாள் ஜெயா. அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது. "தையில நாங்க கூலி கேட்டு ரோட்டுல ஒக்காந்தப்ப, ஒரு படி கூடக் குடுக்க முடியாதுன்னு சாமியண்ணன் சொன்னாரே. மறந்து போச்சா?"

"சொன்னாரு. நானும் பக்கத்துலதான் நின்னேன்."

"அப்பறம் அவரு வயல வெளியாளு வந்து அறுத்தப்ப எங்களத் தேடுனீங்களாமே?"

"தேடுனோம். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தேடுனோம்னு இப்பத் தெரியுது." விண்ணரசி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஜெயா, என்னைய ஒங் கோஷ்டில சேத்துக்க. மிச்ச நாத்து எங்க கெடந்தாலும் எடுத்துக்கணும். எனக்கு வேற வழி இல்ல."

ஜெயா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வரப்புல நிக்கிற வேலை இல்ல, தெரியுமா? குனிஞ்சா பொழுது சாயத்தான் நிமிரணும். நாளைக்கு நாங்க கூலி கேட்டு ஒக்காந்தா, நீங்களும் ஒக்காரணும். நெலம் வந்ததும் அந்தப் பக்கம் தாவுறதுன்னா இப்பவே வீட்டுக்குப் போயிடுங்க."

"தாவ மாட்டேன்."

"ஒங்க வாக்குத்தான் ஊருக்கே தெரியுமே, வெதநெல்லக் காய்ச்சிக் குடிக்கிற வாக்கு" என்று ஜெயா சிரித்துவிட்டாள். விண்ணரசிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்த ஊரில் அதை முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் ஜெயாதான். சொல்லாமல் மனசுக்குள் வைத்திருந்தவர்களைவிட அது தேவலாம் என்றிருந்தது.

மறுநாள் விண்ணரசி பண்ணை வயலில் இறங்கினாள். இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. மாலையில் நிமிரப் பார்த்தால் நிமிர முடியவில்லை. காரியக்காரர் ஆட்களை எண்ணிக்கொண்டு போனார். குனிந்து நிற்கிற பெண்களில் முகத்தை யார் பார்க்கிறார்கள்? முதுகுகளை எண்ணிவிட்டுப் போய்விட்டார். நாள் முடிவில் மிச்ச முடிகள் அவள் கண்ணெதிரே சேற்றில் போய் விழுந்தன. பண்ணையாட்கள் ஏறி மிதித்தார்கள். அவளுக்குத் தன் குடலையே மிதித்த மாதிரி இருந்தது. சின்னக் குடியானவர் வயல் ஒன்றிரண்டில் கிடைத்த முடிகளை மட்டும் சுமந்துகொண்டு போய், தங்கள் வாய்க்கால் ஓரத்தில் ஈரத்தில் ஊன்றி வைத்தாள்.

பண்ணை நடவின் கடைசி நாள். அன்றைக்கு நாற்று மிஞ்சி, வரப்பு நெடுக முடி முடியாகக் கிடந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு பஞ்சநதம் பார்வையிட வந்தார். நடவு நடக்கிற வரப்பில் பெரிய மனுஷர் வந்தால், நடுகிற பெண்களில் ஒருத்தி ஒரு நாற்று முடியை எடுத்துவந்து அவர் காலடியில் வைப்பாள். அவர் ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும். கொடுக்காமல் போனால் நட்ட பயிர் பச்சை பிடிக்காது என்பார்கள். பஞ்சநதம் இதற்கென்றே மடியில் ஒரு ரூபாய் முடிந்துகொண்டு வருவார்.

வழக்கமாக ஜெயாதான் முடி வைப்பாள். அன்றைக்கு அவள் நகர்வதற்கு முன்னால் விண்ணரசி வரிசையிலிருந்து வெளியே வந்தாள். சேறு சொட்டச் சொட்ட வரப்பேறி முடியை அவர் காலடியில் வைத்தாள். பஞ்சநதம் மடியை அவிழ்த்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்துத் திடுக்கிட்டார்.

"நீயா?"

"நாந்தாங்கய்யா. ஒங்க வயல்ல நட்டிருக்கேன். வழக்கத்தக் கேக்குறேன்."

அவர் ரூபாயை நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை.

"காசு வேணாங்க. மிச்சம் கெடக்குற நாத்தக் குடுங்க."

காரியக்காரர், "ஏய், போ அந்தாண்ட!" என்று பாய்ந்து வந்தார். அப்போது வயலுக்குள்ளிருந்து ஜெயா குலவையிட்டாள். அவள் இட்டதும் பக்கத்தில் நின்றவள் இட்டாள். பிறகு வரிசை முழுக்க, சேற்றில் நின்றபடி, நிறுத்தாமல் குலவையிட்டார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வயலில் நின்றவர்களெல்லாம் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

பஞ்சநதம் தாம் நட்டு முடித்த வயலைப் பார்த்தார். ரூபாயை மறுபடி மடியில் முடிந்துகொண்டார்.

"நடவன்னிக்கு எங்க வரப்புல எந்தப் பொம்பளையும் வெறுங்கையோட போனதில்ல" என்றார். "எடுத்துக்கிட்டுப் போ. முத்துன நாத்து, ஒங்க வயலும் எறக்கம். ஐப்பசி மழையில அழுவத்தான் போவுது. என் வயித்தெரிச்சலும் அதோட சேந்தே வரும், பாத்துக்க."

"வரட்டுங்கய்யா" என்றாள் விண்ணரசி.

ஜெயாவின் கோஷ்டியே முடிகளைத் தூக்கிக்கொண்டு வந்தது. சாமி அதற்குள் இரவல் ஏர் வாங்கிக் கோரையைப் புரட்டி, சேறு கூட்டி வைத்திருந்தான். பெண்கள் கூலி கேட்கவில்லை. கஞ்சி மட்டும் கேட்டார்கள். "மாதாவுக்கு ஊத்துன கை எங்களுக்கும் ஊத்தட்டும்" என்றாள் ஜெயா. ரேஷன் அரிசிக் கஞ்சிதான். சீரகச்சம்பா நாற்றும், ஆடுதுறை நாற்றும், பெயர் தெரியாத நாற்றுமாகக் கலந்து கட்டி நட்டார்கள். அத்தனை முடியும் சேர்ந்து பாதி வயலுக்குத்தான் வந்தது. மூன்று மா நட்டு, மூன்று மா வெறும் சேறாகக் கிடந்தது.

ஐப்பசி மழை பஞ்சநதம் வாயில் சொன்ன மாதிரியே வந்தது. வெட்டாறு கரை தொட்டு ஓடியது, வாய்க்கால் உடைந்தது. தண்ணீர் வடிந்தபோது மேட்டுப் பக்கம் ஒரு துண்டு மட்டும் தலை காட்டியது. மற்றதெல்லாம் அழுகி நாறியது. வரப்பில் உட்கார்ந்து விண்ணரசி வாய்விட்டு அழுதாள்.

"என்னையத் திட்டுங்களேன்! எல்லாம் ஒன்னாலதான்டின்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன். இப்புடிப் பேசாமயே என்னையக் கொல்றீங்களே!"

சாமி வயலுக்குள் குனிந்தபடி இருந்தான். "குத்தப் பிரி. பொழுது இருக்கும்போதே நடணும்" என்றான்.

தப்பிப் பிழைத்த பயிர்க் குத்துகளில் தடித்ததாகப் பார்த்து வேரோடு பெயர்த்து, இரண்டாகவும் மூன்றாகவும் பிரித்து, அழுகின இடத்தில் அருள்செல்வியும் சேர்ந்து மூன்று பேரும் நட்டார்கள். இரண்டு மா நிரம்பியதும் பிரிக்கக் குத்து இல்லாமல் போயிற்று.

கார்த்திகையில் கர்ணம் வந்தார். பஞ்சநதமும் குடையோடு வந்து எதிர் வரப்பில் நின்றார். காயாரோகணம் கர்ணத்தின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாவில் இரண்டு மா சம்பா, வைத்தது பெரியநாயகசாமி. நான்கு மா தரிசு. அதுதான் எழுதப்பட்டது. எழுதினதில் பொய் ஒன்றும் இல்லை. அப்பீலிலும் அந்தக் கணக்கே நின்றது. பயிர் நின்ற இரண்டு மா சாமியின் பெயரில் பதிவாயிற்று, நான்கு மா பஞ்சநதத்தோடு போயிற்று. மூன்றில் ஒரு பங்கு பிழைத்ததற்குச் சந்தோஷப்படுவதா, இரண்டு பங்கு போனதற்கு மாரில் அடித்துக்கொள்வதா என்று விண்ணரசிக்குத் தெரியவில்லை. கோட்டையை அவிழ்க்காமல் இருந்திருந்தால் ஆறு மாவிலும் நட்டிருப்பார்கள், வெள்ளத்துக்குப் பிறகு பிரித்து நடக் குத்தும் குறைந்திருக்காது. அதை அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த இரண்டு மா விளைந்த லட்சணத்தைப் பார்த்து ஊரே சிரித்தது. ஒரு குத்து இடுப்புயரம், பக்கத்துக் குத்து முழங்கால் உயரம். இது பழுத்துச் சாய்ந்தபோது அது இன்னும் பால் பிடித்துக்கொண்டிருந்தது. "ஊர்ல உள்ள அத்தன வீட்டுப் புள்ளயும் ஒரே பந்தியில ஒக்காந்துருக்கு பாரு" என்றாள் ஜெயா. ஒரே நாளில் அறுக்க முடியவில்லை. பழுத்த குத்தாகப் பார்த்துப் பார்த்து அறுத்தார்கள். இடையில் பண்ணையில் கூலி கேட்டு மறுபடி உட்கார்ந்தபோது விண்ணரசியும் ஜெயாவுக்குப் பக்கத்தில் ரோட்டில் உட்கார்ந்தாள். இவர்கள் எழுந்திருப்பதற்குள் பழுத்த கதிரில் கொஞ்சம் வயலிலேயே கொட்டிப் போயிற்று. கூலி ஒரு படி கூடியது.

கலந்து விளைந்த நெல் விதைக்கு ஆகாது. அதனால் சாமி முதல் நாளே தனியாக வயலில் இறங்கி, சீரகச்சம்பாக் கதிரை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் கிள்ளி மடியில் சேர்த்தான். அவனோடு போகலாமா வேண்டாமா என்று விண்ணரசி வரப்பிலேயே நின்றாள். அவன் கூப்பிடவில்லை. கடனுக்கும் குத்தகைக்கும் போக, வீட்டுக்கு வந்த நெல்லைக் கூடத்தில் குவித்தபோது குவியல் முழங்கால் உயரம்கூட இல்லை.

மாசி பிறந்து ஒரு காலை. விண்ணரசி ரேஷன் கடையிலிருந்து வந்தபோது சாமி முற்றத்தில் பிரி சுற்றிக்கொண்டிருந்தான். அருள்செல்வி சாணம் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கோட்டை கட்டி முடித்து மெழுகியிருந்தது. பக்கத்தில் இன்னொன்று, சின்னதாக, பாதி கட்டியபடி இருந்தது. கூடத்தில் குவியல் இருந்த இடம் துடைத்து வைத்த மாதிரி வெறுமையாகக் கிடந்தது.

"இது என்னாங்க ரெண்டு?" என்று கேட்டாள்.

சாமி பிரியை இழுத்து இறுக்கினான். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். புரட்டாசிக்குப் பிறகு அவன் அவளை நேராகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"பெருசு விதை. சின்னது ஒங்க மாதாவுக்கு" என்றான். "ஆவணியில மாத்தி அவுத்துடாத."

விண்ணரசி கையிலிருந்த ரேஷன் பையை அப்படியே கீழே வைத்துவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். சிரிக்கப் போனாள், அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே பிரியின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாக இழுத்துக் கட்டினார்கள்.

வீட்டில் சாப்பிட என்று ஒரு படி நெல் தனியாக இல்லை. மறுநாள் விடிந்ததும் மூன்று பேரும் ஜெயாவின் கோஷ்டியோடு உளுந்து பறிக்கப் போனார்கள்.